கூத்தன் காட்டிய வழி

திருவண்ணாமலையில் வாழ்கிறவர்களுக்குப் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு. வெளியூர் உறவினர் வந்து இறங்கியதும், "இங்குப் பார்க்க என்னென்ன இருக்கின்றன?" என்பர். நானும் பல்லாண்டுகளாக ஒரே விடையைச் சொல்லி வருகிறேன். கிருஷ்ணதேவராயர் தொடங்கிவைத்த, 217 அடி உயரமும் பதினொரு நிலைகளும் கொண்ட கிழக்குக் கோபுரம். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடை. அவ்வழியில் எண்திசைக்கும் எட்டு இலிங்கங்கள். 1950-ஆம் ஆண்டு இரமணர் மறைந்த ஆசிரமம். தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை. கிழக்கே செஞ்சிக் கோட்டை. கேட்டவுடன் ஒரு நாள் போதுமா, இரண்டு நாள் வேண்டுமா என்று அவர்கள் கணக்கிடத் தொடங்குவர்.

இந்த நிலப்பகுதிக்கு மிகப் பழமையான வழிகாட்டி ஒன்று உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாமே அது. பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய அந்நூல், செங்கண்மா எனப்பட்ட இன்றைய செங்கத்திலிருந்து ஆண்ட நன்னனிடம் செல்லும் வழியைக் கூறுகிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் கூத்தனையும் அவன் சுற்றத்தையும் ஆற்றுப்படுத்துகிறான்.

அவன் மலையின் அழகையும் சேயாற்றின் ஓட்டத்தையும் சொல்லாமல் இல்லை. ஆயினும், எந்த நிலத்தில் யார் வாழ்கின்றனர், அவர்களிடம் எப்படிப் பேச வேண்டும், அவர்கள் என்ன உணவு தருவர் என்பனவற்றையே விரிவாகச் சொல்கிறான். மலைச் சிற்றூரில் சொந்த வீட்டில் நுழைவதுபோல் நுழையலாம் என்கிறான். காட்டுப்பன்றிக்கு வைத்த பொறியையும், வழுக்கும் பாறையையும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லையும் குறித்து எச்சரிக்கிறான். பின்னால் வருபவன் நலமாகப் போய்ச் சேர வேண்டும் என்ற கவலை அவன் சொல்லெங்கும் இருக்கிறது.

அந்நூலில் நவிரம் என வரும் மலையை இன்றைய பர்வதமலை என்பர். கடப்பாரைகளையும் இரும்புச் சங்கிலியையும் பற்றி ஏற வேண்டிய செங்குத்தான பகுதி அதில் உண்டு. நான் ஏறியபோது, முன்பின் அறியாத இளைஞர் ஒருவர் மேலிருந்து என் பையை வாங்கிக்கொண்டார். கீழே வந்த ஓர் அம்மாள், "காலை அந்தக் கம்பியில வைங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். உச்சியில் கண்ட காட்சி நினைவில் மங்கிவிட்டது. அந்த அம்மாளின் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பிரான்சு நாட்டுப் பெனடிக்டின் துறவி ஹென்றி லெ சோ 1949-இல் இரமணரைக் காண இங்கு வந்தார். பின்னர் 1950-களில் பலமுறை திரும்பி வந்து மலைக் குகைகளில் தங்கித் தியானித்தார். சுவாமி அபிஷிக்தானந்தர் என்று நாம் அறிந்தவர் அவரே. ஒருமுறை கண்டது அவருக்குப் போதவில்லை.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு சரிந்து, வ.உ.சி. நகரில் வீடொன்றைப் புதைத்தது. ஏழு உயிர்கள் போயின. அவர்களுள் ஐவர் குழந்தைகள். அவ்வாண்டுக் கார்த்திகைத் தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. நாள்தோறும் நாம் அண்ணாந்து பார்க்கும் மலையின் மடியில் எத்தனை எளிய குடும்பங்கள் மழைக்கு அஞ்சி விழித்திருக்கின்றன என்பதை அன்றுதான் பலர் எண்ணிப் பார்த்தோம். கல் வரும் வழியை அறிந்து எச்சரித்த அந்தப் பழைய வழிகாட்டியின் கவலை நமக்கும் வேண்டியிருக்கிறது.

இப்போதும் கேட்பவர்களுக்குக் கோபுரத்தையும் கோட்டையையும் சொல்கிறேன். அவற்றோடு சிலவற்றைச் சேர்த்துக்கொள்கிறேன். கூட்டமில்லாத ஒரு நாள் விடியலில் மலையைச் சுற்றி நடங்கள். சரிவை ஒட்டிய தெருக்களையும் பாருங்கள். இம்மாவட்டத்தார் மல்லாட்டை என்று வழங்கும் வேர்க்கடலையை வாங்கும்போது, அது எந்த ஊர்க் கொல்லையில் விளைந்தது, இவ்வாண்டு மழை எப்படி என்று விற்பவரைக் கேளுங்கள். ஊருக்குத் திரும்பியபின், அடுத்து வருபவருக்கு அந்த மனிதர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.