பெர்லஸ்ட்ரேட்டும் முருங்கைக்கீரையும்

அக்கா பொண்ணு காலேஜ்ல இங்கிலீஷ் இலக்கியம் படிக்கிறா. யாரும் புழங்காத வார்த்தைகளாத் தேடிப் பிடிச்சு நோட்டுல எழுதி வைக்கிறது அவளுக்குப் பொழுதுபோக்கு. போன மாசம் ஒருநாள் போன் பண்ணி, "மாமா, பெர்லஸ்ட்ரேட்னா என்னன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். வயித்துக் கோளாறுக்குக் குடிக்கிற மருந்து மாதிரி இருக்கேம்மா என்றேன். சிரிச்சிட்டு வச்சிட்டா.

அகராதியைப் புரட்டினேன். ஒரு பொருளையோ இடத்தையோ மூலைமுடுக்கு விடாம நுணுக்கிப் பார்ப்பதாம். பழைய வழக்கு என்று ஓரமா ஒரு குறிப்பு வேற. இங்கிலீஷ்காரனே பரணில் தூக்கிப் போட்ட சாமான்.

இதுக்குத் தமிழ்ல என்னன்னு யோசிச்சா, பட்டியல் அடுப்படியில் போய் நிற்குது. துருவித் துருவிக் கேட்கிறோம், அது தேங்காய்த் துருவல். அலசுகிறோம், அது துணி. சல்லடை போட்டுச் சலிக்கிறோம், அது மாவு. பத்திரிகைக்காரங்க 'ஓர் அலசல்'னு தலைப்பு வைக்கும்போதெல்லாம் எனக்குக் கிணத்தடியில் பாவாடை அலசுற சத்தம்தான் கேட்கும். இருக்கிறதிலேயே எனக்குப் பிடிச்சது 'ஆய்தல்'. முனைவர் பட்டத்துக்குச் செய்றதும் ஆய்வு, திண்ணையில் முறத்தை வச்சுக்கிட்டு ஆச்சி முருங்கைக்கீரையில் செய்றதும் ஆய்றதுதான். காம்பு, பழுத்த இலை, புழு எல்லாம் தனித்தனியாப் போயிடும். ஆச்சி ஆய்ந்த கீரையில் நான் ஒரு புழு கூடப் பார்த்ததில்லை. ஆய்வேடுகளுக்கு அப்படி உத்தரவாதம் தர முடியுமான்னு தெரியலை, ஹிஹி. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கிறதுங்கிற வழக்குக்கு ஈடா எந்த மொழியிலாவது ஒண்ணு இருக்கான்னும் தெரியலை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பெர்லஸ்ட்ரேட்டின் பூர்வீகம் லத்தீன். 'பெர்'னா ஊடாக, முழுக்க. 'லுஸ்ட்ராரே'ங்கிறது சுற்றி வந்து பார்வையிடுறது, சுத்தி பண்றது. பழைய ரோமில் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஜனத்தொகைக் கணக்கு எடுத்து முடிச்சதும், கூடியிருந்த ஜனங்களைச் சுற்றிப் பன்றி, ஆடு, காளை மூணையும் நடத்திக் கூட்டிட்டு வந்து பலி கொடுத்துச் சுத்தி பண்ணுவாங்களாம். நம்மூர்ல பூசணிக்காய் சுத்துற மாதிரின்னு வச்சுக்கோங்க. பிறப்பு என்னமோ மங்கலமான பிறப்புதான்.

இங்கிலீஷ்ல செத்துப்போன இந்தச் சொல் ரஷ்யாவில் உயிரோட இருக்கு. ஆனா புத்தி மாறிப் போச்சு. அங்கே 'பெர்லுஸ்ட்ராட்சியா'ன்னா ஒருத்தருக்கு வந்த கடிதத்தை அவருக்குத் தெரியாமப் பிரிச்சுப் படிச்சு, திரும்ப ஒட்டி அனுப்புறது. ஜார் காலத்துல பெரிய தபால் நிலையங்களுக்குள்ளேயே இதுக்குன்னு ரகசிய அறைகள் இருந்துச்சு. பல பாஷை தெரிஞ்ச குமாஸ்தாக்கள், ஒட்டினதைப் பிரிக்க நீராவி, அரக்கு முத்திரைக்குப் போலி அச்சு. கறுப்பு அறைன்னு பேரு.

இதுல மாட்டினவர்களில் ஒருத்தர் கவிஞர் புஷ்கின். 1834 ஏப்ரலில் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மாஸ்கோவில் இருந்த மனைவிக்கு ஒரு கடிதம் எழுதுறார். தன் ஆயுசில் பார்த்த மூணு ஜார்களைப் பத்தியும் லேசா நக்கல். மாஸ்கோ தபால்காரங்க பிரிச்சாங்க, விஷயம் போலீஸ் வழியா ஜார் முதலாம் நிக்கோலாஸ் காது வரைக்கும் போச்சு. மே 10-ஆம் தேதி நாட்குறிப்பில் புஷ்கின் பொருமியிருக்கார்: புருஷன் பெண்டாட்டிக்கு எழுதினதைப் போலீஸ் பிரிக்குது, அதை வாங்கிப் படிக்க ஒரு ராஜாவுக்குக் கூச்சமில்லையேன்னு. அப்புறம் மனைவிக்கு எழுதும்போது, எவனோ ஒட்டுக் கேட்கிறாங்கிற நினைப்பே தன்னை வெறிபிடிக்க வைக்குதுன்னு சொல்றார். எழுதக் கை வரலை. எனக்கு இந்த இடம் தொண்டையில நின்னுச்சு. ஏன்னு கடைசியில் சொல்றேன்.

பத்து வருஷம் கழிச்சு, 1844-ல் லண்டன். இத்தாலியிலிருந்து தப்பி வந்து தங்கியிருந்த மாஜினிக்குத் தன் கடிதங்கள் மேல சந்தேகம். நண்பர்களிடம் சொல்லி உறைக்குள்ள கசகசாவும் மணலும் தலைமயிரும் போட்டு அனுப்பச் சொன்னார். கடிதம் வந்துச்சு, கசகசா வரலை. பார்லிமெண்ட்ல ஒரே ரகளை. உத்தரவு போட்ட உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிரகாம் பேரையே வினைச்சொல்லாக்கி, கடிதம் பிரிக்கிறதுக்கு 'கிரகாமைஸ்'னு வச்சிட்டாங்க. மருமகள் நோட்டுக்கு இதையும் அனுப்பி வச்சேன். தபால் நிலையத்தின் ரகசியப் பிரிவையும் அந்த வருஷமே இழுத்து மூடினாங்க. குருமாவுக்குப் போடுற கசகசா செஞ்ச வேலை!

நம்ம நாட்டுக்கும் இந்தக் கதை உண்டு. 1898-ஆம் வருஷத் தபால் சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி, பொது அவசரநிலை மாதிரி சமயங்களில் அரசு கடிதங்களை நிறுத்தி வாங்கலாம். அந்த அதிகாரத்தை இன்னும் அகலமாக்க 1986-ல் ஒரு திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறிச்சு. ஜனாதிபதி ஜெயில் சிங் கையெழுத்தும் போடலை, திருப்பியும் அனுப்பலை. அப்படியே மேஜையில் வச்சிட்டு 1987-ல் பதவிக்காலம் முடிஞ்சு போயிட்டார். அடுத்து வந்த ஆர். வெங்கட்ராமன் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். அது சட்டமாகவே இல்லை. பழைய சட்டத்துக்குப் பதிலா 2023-ல் கொண்டுவந்த புதிய தபால் சட்டம் 2024 ஜூனில் அமலுக்கு வந்துச்சு. கடிதத்தை இடைமறிக்கிற அதிகாரம் அதிலும், ஒன்பதாவது பிரிவில், பத்திரமா இருக்கு.

அந்த மசோதா டெல்லியில் தூங்கிக்கிட்டிருந்தப்போ, நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விடுதியில் எட்டாவது படிச்சேன். எங்க வார்டனுக்கு எந்த ஜனாதிபதி கையெழுத்தும் தேவைப்படலை. வர்ற இன்லண்ட் லெட்டர் அத்தனையையும் அடிஸ்கேலை விட்டுக் கிழிச்சுப் படிச்ச பிறகுதான் பையன்களுக்குக் கொடுப்பார். அம்மா ஒருமுறை, ஃபீஸ் கட்ட வளையலை அடகு வச்சிருக்கேன், அப்பாகிட்ட மூச்சு விடாதேன்னு எழுதியிருந்தா. மறுநாள் சாப்பாட்டு வரிசையில் நாற்பது பையன்கள் முன்னாடி, "ஏலே, ஒங்கம்மா வளையலைத் திருப்பியாச்சா?" என்றார். தட்டை வச்சிட்டு ஓடினேன்.

லீவுல போனப்போ அம்மாகிட்ட சொன்னேன். அவள் ஒண்ணும் பேசலை. அதுக்கப்புறம் வந்த கடிதங்களில் 'நலம், நலமறிய ஆவல்', 'நன்றாகப் படிக்கவும்', 'எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும்' இவ்வளவுதான். இன்லண்ட்ல முக்கால் இடம் காலியா இருக்கும். அம்மா கையெழுத்துதான், ஆனா அம்மா அதுல இல்லை. அவள் வீட்டு வாசப்படியில் உட்கார்ந்து மூச்சுவிடாமப் பேசுறவள். அந்தக் காலியிடத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அழுகையா வரும்.

அடுத்த லீவுல ரெண்டு பேரும் ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். நகையைத் திருப்பியதும் என்ன எழுதணும்னு பேசி வச்சுக்கிட்டோம். தை மாசம் கடிதம் வந்துச்சு. வழக்கமான நலம் விசாரிப்புக்குக் கீழே ஒரே வரி, நம்ம வீட்டுப் பசு கன்னு போட்டிருக்குன்னு.

எங்க வீட்டுல பசு இல்லை. கோழி கூடக் கிடையாது. அன்னிக்கு ராத்திரி ரசத்துக்கு வரிசையில் நிற்கும்போது வார்டன் பக்கத்துல வந்து தோளைத் தட்டினார்.

"ஏலே, ஊருக்குப் போனா சீம்பால் கொண்டாந்து தா, என்ன?"