பறவைகளின் கட்டுச்சோறு
மாரிகாலத்தில் வட்டுக்கோட்டையை அடுத்த அராலிக் கடனீரேரியோரம் செல்லும் நாம், சேற்றைக் கிளறி இரைதேடும் உள்ளான்களைக் காண்கிறோம். சைபீரியா முதலாய வடபுலங்களிலிருந்து வந்தவை அவற்றுட் பல. “உண்ணாது இத்துணைத் தொலைவு எவ்வாறு பறக்கின்றன?” என மாணாக்கர் எம்மை வினவுவதுண்டு.

மனிதர் விரைந்தோடுகையில் தசைகள் பெரிதும் சர்க்கரையை எரிக்கின்றன. நெடுவழிப் பறவையோ கொழுப்பை எரிக்கிறது. ஒரு கிராம் சர்க்கரை ஏறத்தாழ 4 கிலோகலோரி தரும். கொழுப்போ 9 தரும். தசையிற் சேமித்த சர்க்கரை நீரையும் உடன்சுமக்கும். கொழுப்புக்கு அச்சுமை மிகக் குறைவு. 2022 இல் பட்டைவால் மூக்கன் என்னும் பறவையொன்று அலாஸ்காவிலிருந்து தாஸ்மானியாவரை 13,560 கிலோமீற்றரைப் பதினொரு நாளில் இடைவிடாது கடந்தது.

சித்திரையளவில் நம் விருந்தினர் வடக்கே திரும்புமுன், அவர்க்குக் கட்டுச்சோறு கட்டித்தருவது இச்சேறே. இதிற் குப்பை கொட்டுவோர், வழிப்போக்கரின் சோற்றில் மண்ணையன்றோ அள்ளிப்போடுகின்றனர்!