ஜன்னலைச் சாத்தினாலும் மூச்சுவிடும் வீடு... ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆச்சர்யம்!

ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரிலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது டார்ம்ஸ்டாட். விரித்த கைவிரல்கள் போல உச்சியுள்ள 'திருமணக் கோபுரம்'தான் ஊரின் அடையாளம். அது நிற்கும் மதில்டன்ஹோயே குன்று, 2021-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது.

ஆனால், வீடு கட்டும் தொழிலில் இருப்பவர்கள் இந்த ஊருக்கு வந்தால் டிராம் பிடிப்பது கிரானிஷ்டைன் பகுதிக்கு. பழைய வேட்டை மாளிகையும் ரயில் அருங்காட்சியகமும் உள்ள புறநகர் அது. அங்கே ஒன்றோடு ஒன்று ஒட்டிய நான்கு வீடுகள் இருக்கின்றன. பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். 'பாஸிவ் ஹவுஸ்' என்று உலகம் முழுக்கப் பேசப்படும் வீடுகளில் முதலாவது இதுதான்!

குளிரா... காற்றா?

ஜெர்மனியில் குளிர்காலம் வந்துவிட்டால் வீட்டுக்குள் ஒரு போராட்டம் தொடங்கும். ஜன்னலைத் திறந்தால் ஹீட்டருக்குச் செலவழித்த பணம் வெளியே போய்விடும். திறக்காவிட்டால் மூச்சுக்காற்றும், குளியலறை ஈரமும், சமையல் ஆவியும் உள்ளேயே தங்கும். அந்த ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்தால் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை இருக்கும் வீட்டில் ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்களுக்குத் தொல்லை அதிகம்.

அதனால்தான் ஜெர்மானியர்களுக்கு 'ஸ்டோஸ்லூஃப்டன்' என்றொரு பழக்கம். தினமும் சில முறை, ஐந்து பத்து நிமிடங்கள் ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டு மூடுவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால், இரவு எட்டு மணி நேரம் தூங்கும்போது யார் எழுந்து திறப்பது?

வீடே பார்த்துக்கொள்ளும்!

இந்தக் கேள்விக்கான விடையாக எழுந்ததுதான் கிரானிஷ்டைன் வீடு. ஸ்வீடனைச் சேர்ந்த பேராசிரியர் போ ஆடம்சனும், ஜெர்மனியின் இயற்பியலாளர் வொல்ஃப்காங் ஃபைஸ்ட்டும் 1988-ல் இந்த யோசனைக்கு உருக்கொடுத்தார்கள். 1991-ல் நான்கு குடும்பங்கள் குடியேறின. அதில் ஒன்று ஃபைஸ்ட்டின் குடும்பம். தன் யோசனையைத் தானே வாழ்ந்து பார்த்தார்!

சுவருக்கு வெளியே ஒரு சாணுக்கு மேல் தடிமனில் வெப்பத்தடுப்புப் போர்வை, ஜன்னலில் மூன்று அடுக்குக் கண்ணாடி, இடுக்கு வழியாகக் காற்று ஒழுகாத கட்டுமானம். இவ்வளவு இறுக்கமாகக் கட்டினால் உள்ளே புழுங்காதா? அங்கேதான் அடித்தளத்தில் இருக்கும் காற்றோட்டக் கருவி கைகொடுக்கிறது.

சமையலறை, குளியலறைக் காற்றை அது வெளியே இழுக்கும். வடிகட்டிய புதுக் காற்றைப் படுக்கையறைக்கும் ஹாலுக்கும் அனுப்பும். இரண்டு காற்றும் மெல்லிய தகடுகளுக்கு இருபுறமும் ஓடுவதால் ஒன்றோடொன்று கலக்காது. ஆனால், வெளியேறும் காற்றின் சூடு உள்ளே வரும் காற்றுக்கு மாறிவிடும். வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்று வையுங்கள். 80 சதவிகிதச் சூட்டை மீட்டால், புதுக் காற்று 16 டிகிரியில் உள்ளே வரும். மிச்சம் 4 டிகிரிக்கு மட்டும் சூடேற்றினால் போதும்.

கோடையில் வேறு கதை. வெயில் கண்ணாடியைத் தொடுமுன் வெளித்திரை இறங்க வேண்டும். இரவில் ஜன்னலைத் திறந்து குளிர்ந்த காற்றை உள்ளே விடலாம். 'பாஸிவ் ஹவுஸில் ஜன்னலே திறக்கக் கூடாது' என்பது வெறும் வதந்தி!

1,000 என்ற எண்

அறையின் காற்று கெட்டுவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கும் ஒரு ஜெர்மானியர்தான் வழி சொன்னார். மியூனிக்கின் சுகாதார மேதை மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், 1858-ல் கரியமில வாயுவை அளவுகோலாக்கினார். மனிதர்கள் மூச்சுவிட விட அது ஏறும். ஆக, அது எவ்வளவு என்று தெரிந்தால் அறை எவ்வளவு அடைந்துகிடக்கிறது என்பதும் தெரியும். அவர் வகுத்த எல்லை, பத்து லட்சத்தில் 1,000 பங்கு. இன்று வெளிக்காற்றில் இருப்பது 420-க்குச் சற்று மேல்.

இப்போது இந்த வேலையைச் சிறிய சென்சார்கள் செய்கின்றன. விருந்தினர் வந்து அளவு ஏறினால் விசிறி தானாக வேகமெடுக்கும். எல்லோரும் கிளம்பிவிட்டால் வேகம் குறையும். யாராவது குளித்தால், ஈரப்பத சென்சார் அதைக் கவனித்துக்கொள்ளும்.

கிரானிஷ்டைன் வீட்டின் பெருமையே, அது அளந்து பார்க்கப்பட்டதுதான். வெப்பமும் எரிபொருள் செலவும் ஆண்டுக்கணக்கில் பதிவாயின. அன்றைய சாதாரண ஜெர்மன் வீட்டுக்குத் தேவைப்பட்ட ஹீட்டர் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே இதற்குப் போதுமானதாக இருந்தது. 25 ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதும் வீடு சொன்ன சொல் தவறவில்லை.

குறைகளும் உண்டு. கடும் குளிரில் புதுக் காற்று அளவுக்கு மேல் வந்தால் உள்ளே வறண்டுபோகும், தொண்டை உலரும். வடிகட்டியை அவ்வப்போது மாற்றாவிட்டால் கருவியால் பயனில்லை. கட்டும் செலவும் கூடுதல்.

வீட்டுக்கு எடுத்துவர வேண்டியவை

* ஸ்பிளிட் ஏ.சி. அறையின் காற்றையே குளிரவைத்துச் சுற்றவிடுகிறது. புதுக் காற்றைக் கொண்டுவராது. தூங்கும் முன்பும் எழுந்த பிறகும் ஜன்னலைச் சிறிது நேரம் திறங்கள்.

* ஈரப்பதம் 40 முதல் 60 சதவிகிதத்துக்குள் இருப்பது நல்லது. அதைக் காட்டும் சிறிய மீட்டர் அதிக விலை இல்லை.

* கரியமில வாயு மீட்டர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. கொசுவத்தி, ஊதுவத்தி, தாளிப்புப் புகையின் நுண்துகள்களுக்குத் தனி சென்சார் வேண்டும்.

* சமைக்கும்போது சமையலறையின் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட மறக்காதீர்கள். அடுப்பை அணைத்த பிறகும் சிறிது நேரம் ஓடட்டும்.

டார்ம்ஸ்டாட் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். கிரானிஷ்டைனில் இருப்பது மியூசியம் அல்ல. குடும்பங்கள் வாழும் வீடு. தெருவில் நின்று பார்த்துவிட்டு, அப்படியே வேட்டை மாளிகைப் பக்கம் நடந்தால் அங்கே மரங்கள் தரும் காற்று காத்திருக்கிறது!