மன்னவனூர் ஆடுகள்

காமயகவுண்டன்பட்டியில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். எழுபது வயது, நாற்பது செம்மறி. "ஆட்டை வித்துட்டுத் திருப்பூருக்கு வரச் சொல்லுங்க மச்சான்" என்று அவர் மகன் என்னிடம் பொறுப்பை ஒப்படைத்திருந்தான். கதை எழுதுகிறவன் பேச்சு எடுபடும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை, பாவம்!

வீட்டில் வைத்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. "மன்னவனூரில் சர்க்கார் ஆட்டுப் பண்ணை இருக்கிறது, பார்த்துவிட்டு வரலாம்" என்றேன். ஆடு என்றால் மாமா எங்கேயும் வருவார். கொடைக்கானல் ஏறி, பூம்பாறை தாண்டி, இன்னும் மலையோடு மலையாகப் போய்ச் சேர்ந்தோம். 1965ல் தொடங்கிய பண்ணை அது. ராஜஸ்தானத்து அவிகாநகரில் இருக்கும் மத்திய செம்மறி ஆராய்ச்சி நிலையத்தின் கிளை.

பாரத் மெரினோ என்று பெயர் சொன்னார்கள். பண்ணை ஆளிடம் கேட்டுக்கொண்டு, மாமா ஒரு கிடாயின் முதுகில் விரல்களைப் புதைத்தார். மேலே புழுதி நிறம். விலக்கினால் உள்ளே வெண்ணெய் நிறம். எங்கள் பக்கத்து ஆட்டுக்கு வெறும் முடிதான்.

"இது தானா உதிராதா மாப்பிள்ளை?"

"உதிராது. கத்தரித்துவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் மந்தையை விட்டுத் தப்பிய ஒரு மெரினோவை 2015ல் கான்பெரா அருகே பிடித்தார்கள். 40 கிலோவுக்கு மேல் கம்பளி. அந்தச் சுமையோடு நடக்கவே திணறியதாம்."

மாமா வெகு நேரம் பேசவில்லை. இதுதான் சமயம் என்று திருப்பூர்ப் பேச்சை எடுத்தேன். வயதாகிவிட்டது, மழையிலும் பனியிலும் கிடைக் காவல் எதற்கு, பேரப்பிள்ளைகள் ஏங்குகிறார்கள் என்று நீட்டி முழக்கினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"மனுசன் கை படலேன்னா இது பாடு திண்டாட்டம். நம்ம ஆடு அப்படியில்லே. யாருகிட்டே வித்தாலும் மேஞ்சு பொழைச்சுக்கும்" என்றார்.

இறங்கி வருகிறார் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"நான்தான் இந்த ரகம், மாப்பிள்ளை" என்று அந்தக் கிடாயைக் காட்டினார்.

அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. ஊர் வந்து சேர்ந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கிடைக்குப் போய்விட்டார்.

இரவு திருப்பூரிலிருந்து போன் வந்தது.

"பேசினீங்களா மச்சான்?"

"பேசினேன். நீ இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வா. அப்பாவோடு ஒருமுறை மன்னவனூர் போய்விட்டு வா" என்றேன்.