படூரில் ஒரு பியானோ மாலை

சென்னையிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் போகிறவர்கள், சிறுசேரியைத் தாண்டியதும் கொஞ்சம் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். கேளம்பாக்கம் வருவதற்குச் சற்று முன்னால் படூர் என்று ஓர் ஊர் வரும். ஒரு பக்கம் வானத்தை முட்டும் அடுக்கு மாடிகள். இன்னொரு பக்கம் காலேஜ் பிள்ளைகள் கூட்டமாய் நிற்கும் டீக்கடை. 2019-ல் செங்கற்பட்டு தனி ஜில்லாவானபோது இந்த ஊரும் அதோடு சேர்ந்துகொண்டது. 'இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?' என்று கேட்பீர்கள். பார்ப்பதற்கு அல்ல, கேட்பதற்குத்தான் நான் போனேன்.

காலேஜில் எனக்கு இரண்டு வகுப்பு மூத்த ஒருத்தி அங்கே குடியிருக்கிறாள். அன்றும் இன்றும் அவள் எனக்கு அக்காதான். அக்காவும் அவள் கணவரும் பிரிந்து ஏழு வருஷம் ஆகிறது. யார் பேரில் தப்பு என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. பெண்ணுக்குப் பதினேழு வயது. அவளை வளர்த்து ஆளாக்கியது அக்காவின் சம்பளமும் அக்காவின் சமையலும்தான்.

ஏழாவது மாடி. பால்கனியில் நின்றால் முட்டுக்காட்டுப் பக்கத்திலிருந்து உப்புக் காற்று சிலுசிலுவென்று வருகிறது. கூடத்தில் புத்தம் புதிய கீபோர்டு ஒன்று.

"அவர் அனுப்பினார். பிறந்த நாளைக்கு. மூன்று மாசம் அட்டைப் பெட்டியோடேயே கிடந்தது. போன வாரம் இவளே பிரித்துவிட்டாள்" என்றாள் அக்கா. குரலில் காரம் இருந்தது.

பெண் ஒன்றும் பேசவில்லை. ஸ்பீக்கரைத் திருப்பினாள். "சித்தி, இதைக் கேளுங்கள்" என்றாள்.

கேட்டேன். முதலில் பியானோ நாலு சொட்டு சொட்டியது. பிறகு ஒரு பெண் குரல். உரத்த குரல் அல்ல. தூங்கும் குழந்தை விழித்துக்கொள்ளாமல் இருக்க அம்மா பேசுவாளே, அந்த மாதிரி. தாளம் முன்னே போகிறது, பாட்டு அரை அடி பின்னாலேயே அவசரமில்லாமல் நடந்து வருகிறது. இதுதான் ஜாஸ் பாடகர்களின் வித்தை. நம் வித்வான்கள் ஒரே வரியை எடுத்து நிரவல் செய்கிறார்கள் அல்லவா? ஜாஸிலும் மெட்டை ஒரு தரம் சொல்லிவிட்டு, அப்புறம் அவரவர் மனோதர்மம்தான். பியானோவில் எண்பத்தெட்டுக் கட்டைகள். நம் கமகத்தை அதில் அசைக்க முடியாது. ஆனால் நாலைந்து ஸ்வரங்களை ஒரே சமயத்தில் ஒலிக்க வைக்கலாம். இப்படி ஜாஸையும் ஜனரஞ்சகப் பாட்டையும் குழைத்துப் பாடிய அந்தப் பெண்ணின் பெயர் நோரா ஜோன்ஸ்.

இந்தப் பெயருக்குள் ஒரு கதை இருக்கிறது, நேயர்களே. 1979-ல் நியூயார்க்கில் பிறந்தபோது அவள் பெயர் கீதாலி நோரா ஜோன்ஸ் சங்கர். சிதார் மேதை ரவிசங்கரின் மகள்! தாய் சூ ஜோன்ஸ், டெக்ஸாஸில் தனியாகவே மகளை வளர்த்தாள். பெண்ணுக்குப் பதினாறு வயதானபோது சங்கரை விட்டுவிட்டுத் தாயின் ஜோன்ஸை மட்டும் வைத்துக்கொண்டாள். சர்வகலாசாலையில் படித்தது ஜாஸ் பியானோ. 2002-ல் அவளுடைய முதல் இசைத்தட்டு வெளியாகி, இரண்டு கோடிக்கு மேல் விற்றது. மறு வருஷம் ஒரே இரவில் ஐந்து கிராமி பரிசுகள்!

நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா குறுக்கிட்டாள். "வளர்த்தது அம்மா. ஆனால் உலகம் என்ன சொல்கிறது? நீயே இப்போது 'ரவிசங்கரின் மகள்' என்றுதானே ஆரம்பித்தாய்?"

எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. உண்மைதானே! அந்தப் பாட்டில் ராகம் எங்கே, சிதார் எங்கே? அவள் சிறுமியாக இருந்தபோது கேட்டு ஊறியது பில்லி ஹாலிடேயின் பாட்டு. அதுவும் தாய் வைத்திருந்த இசைத்தட்டுகளில். வித்தை வந்த வழி அம்மா வீட்டு வழிதான்.

அப்போதுதான் பெண் வாயைத் திறந்தாள். "அம்மா, அவள் பதினெட்டு வயதில் அப்பாவோடு மறுபடி பேச ஆரம்பித்தாள். ஆனால் ஜோன்ஸை மாற்றவே இல்லை. 2012-ல் அப்பா காலமானார். அடுத்த வருஷம் தங்கை அனுஷ்காவின் இசைத்தட்டில் இவள் பாடினாள்."

அனுஷ்காவின் தாய் சுகன்யா தமிழ்ப் பெண் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு தகப்பன், இரு தாய்கள், இரு பெண்கள். ஒருத்தி கையில் சிதார், ஒருத்தி கையில் பியானோ.

பெண் கீபோர்டுக்கு முன் உட்கார்ந்தாள். இது அறுபத்தொரு கட்டைக் கருவிதான். விரல் இரண்டு இடத்தில் தடுமாறியது. சொந்த மெட்டாம், வார்த்தைகள் தமிழ். ஒளிந்து எட்டிப் பார்த்தேன்: பாட்டு எழுதிய நோட்டுப் புத்தகத்தின் அட்டையில், தன் பெயருக்கு முன்னால் அம்மாவின் முதல் எழுத்தையே போட்டிருந்தாள்.

அக்காவும் அதைப் பார்த்தாள். வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போனவள், காப்பி டம்ளரோடு திரும்பி வந்து, பெண்ணின் பக்கம் பார்க்காமலே சொன்னாள்:

"பெட்டி நல்லபடியாக வந்து சேர்ந்தது என்று அவருக்கு ஒரு வார்த்தை போன் பண்ணிவிடு."

கீழே இறங்கி பஸ்ஸுக்கு நின்றேன். சாலையில் ஒரே இரைச்சல். ஆனாலும் அந்த ஏழாவது மாடியிலிருந்து ஏதோ மிதந்து வருவது போலவே இருந்தது. படூரைத் தாண்டும்போது நீங்களும் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.