டேக் பண்ணாதே, மச்சான்

2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை. எழும்பிப் பார்த்தால் வட்ஸ்அப் சுத்திக்கொண்டே இருக்குது, பேஸ்புக் திறக்குதில்லை. டேற்றா முடிஞ்சுதாக்கும் எண்டுதான் முதலில் நினைத்தோம். கரண்ட் 13 மணித்தியாலம் வரை வெட்டின நாட்கள் அவை, டவரும் அடிக்கடி படுத்துவிடும். பிறகுதான் விளங்கியது, ஊரடங்கு போட்ட கையோடு சமூக ஊடகங்களையும் அரசாங்கம் பூட்டிவிட்டதென்று.

பப்ஜி மட்டும் வேலை செய்தது. இந்தியாவில் 2020 செப்டெம்பரில் அதைத் தடைசெய்தார்கள், இங்கே கதை தலைகீழ். கூகுள் கணக்கில் விளையாடுகிற நாங்கள் திருகோணமலைக்காரர் மூன்று பேரும் உள்ளே போய்விட்டோம். எங்கள் ஸ்குவாட்டின் நாலாமவன் குருநாகல் பெடியன், பேஸ்புக் கணக்குக்காரன். விபிஎன் ஒன்றை இறக்கும்வரை வெளியில் நின்றான். அன்றைக்கு இளைஞர் விவகார அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே விபிஎன் போட்டு டுவிட்டருக்கு வந்து, இப்படித் தடைசெய்து பிரயோசனமில்லை என்று எழுதியிருந்தார். அதை வைத்தே இரண்டு மெட்ச் சிரித்தோம். பின்னேரம் தடையை எடுத்துவிட்டார்கள்.

அவனுக்குத் தமிழ் தெரியாது, எங்கட சிங்களம் அரைகுறை. மிச்சத்தை உடைஞ்ச இங்கிலீசால் ஒட்டிக்கொள்வோம். 'மச்சான்' மட்டும் இரண்டு பக்கமும் ஒண்டுதான்.

மே 9 மகிந்த ராஜபக்ச பதவி விலகினார். அடுத்த நாள் அவர் எங்கட ஊர் நேவி பேஸில் இருக்கிறார் என்று போன் முழுக்க அதே கதை. வாசலில் சனம் கூடிவிட்டது. குருநாகலான் மைக்கில் துள்ளுகிறான். "மச்சான், உங்கட வீட்டுக்குப் பக்கத்திலதானே? போங்கடா, லைவ் போடுங்கடா!"

சைக்கிளில் பத்து நிமிஷம். நாங்கள் போகவில்லை.

"பயமா?" என்று கேட்டான். டேற்றா இல்லை என்று சொல்லிச் சமாளித்தோம். பப்ஜி விளையாடிக்கொண்டே சொன்ன பொய் அது.

2006 ஜனவரி 2ஆம் திகதி காந்தி சிலையடிக் கடற்கரையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அப்போது எங்களுக்கு மூன்று வயது. 2019இல், குற்றஞ்சாட்டப்பட்டிருந்த அதிரடிப்படையினர் உட்பட 13 பேரையும் நீதிமன்றம் விடுவித்தது. எங்கட அம்மாமார் விவரமெல்லாம் சொல்லித் தரவில்லை. "இருட்டினாப் பிறகு கும்பலா நிக்காதேங்கோ" என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த வரலாற்றுப் பாடம். சீருடைக்காரர் நிற்கிற வாசலுக்குப் போய்க் கத்துவதென்றால், யோசிக்க முதலே கால் நின்றுவிடும்.

இணையம் எல்லாரையும் சமமாக்கிவிட்டது என்று சொல்கிற ஆட்களோடு எங்களுக்குச் சரிவராது. பப்ஜியில் அது உண்மை, விமானத்தில் இருந்து எல்லாரும் வெறுங்கையோடுதான் குதிக்கிறோம். பேஸ்புக்கில் அப்படியில்லை. அவன் தன் சொந்தப் படத்தோடு 'கோட்டா கோ ஹோம்' என்று எழுதினான். எங்கட பக்கத்தில் பேஸ்புக் பதிவுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பெடியளைப் பிடித்திருக்கிறார்கள். ஒரு படத்துக்கு லைக் போட முதல், அதில் பின்னுக்கு என்ன தெரிகிறது என்று பெருப்பித்துப் பார்க்கிற பழக்கம் எங்களுக்கு. 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியபோது, "இனி எதையும் எழுதப் பயமா இருக்கு மச்சான்" என்றான் அவன். "வாடா, வா" என்றோம். கொஞ்சம் குரூரம்தான்.

போன வருஷம் கூட்டாளிகளோடு திருகோணமலைக்கு வந்தான். மைக்கில் கேட்ட சத்தத்துக்கு ஆள் மெலிவு. கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போனோம், மானுக்கு பணிஸ் குடுத்தான். பின்னேரம் காந்தி சிலையடியில் வைத்து, அன்றைக்கு ஏன் போகவில்லை என்று சொன்னோம். எங்கட அரைகுறைச் சிங்களத்தில் சொல்லி முடிக்கக் கனநேரம் எடுத்தது. அவன் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு போனை எடுத்துச் சிங்களத்தில் நீளமாக எழுதினான். எங்களுக்கு வாசித்தும் காட்டினான், திகதி சரியா என்று கேட்டான். சரி என்றோம். போட முதல், எங்கட பெயர்களைத் தேடத் தொடங்கினான்.

"டேக் பண்ணாதே, மச்சான்" என்றோம், மூன்று பேரும் ஒரே நேரத்தில்.