மச்சான் கொண்டாந்த டேப்ரிக்கார்டர்

மல்லி விதைச்சாச்சு, மழையைத்தான் காணோம். கரிசக்காடு வானத்தைப் பார்த்துக் கிடக்கு. அதனால இன்னைக்கு வேற கதை.

போன வாரம் மதுரையிலிருந்து பழைய சாமான் வாங்குற தம்பி ஒருத்தர் வந்தார். பரண்ல கிடந்த நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன்னைப் பார்த்ததும் 3,000 ரூபாய்க்குக் கேட்டார். "பெல்ட் அறுந்து பாடாமக் கிடக்கு, இதுக்கு இம்புட்டு விலையா?"ன்னேன்.

"உலகம் பூரா இதுக்கு ஆள் இருக்குய்யா"ன்னு சொல்லி உட்கார்ந்துட்டார். அமெரிக்காவுல 1980-கள்ல கறுப்பினத்து இளவட்டங்க இந்த மாதிரிப் பெரிய பெட்டியைத் தோள்ல வச்சு, தெருவே அதிரப் பாட்டுப் போட்டு நடப்பாங்களாம். 1985-ல எல்.எல். கூல் ஜே போட்ட 'ரேடியோ' இசைத்தட்டு அட்டையில பாடுறவர் படம் இல்ல, பெட்டி படம்தானாம். அங்க உள்ளவங்க தேடுறது, தாங்க சுமந்த பெட்டியை. ரஷ்யாவுல அப்படி இல்ல. சோவியத் காலத்துல ஜப்பான் பெட்டி சாதாரணக் கடையில கிடைக்காது. பெரும்பாலும் கப்பல்ல போய் வர்றவங்க மாதிரி ஆளுங்க கொண்டாந்தா உண்டு, அதுவும் யானை விலை. 'ஷார்ப் ஜிஎஃப்-777'-க்கு அங்க 'மூணு ஏழு'ன்னே பேர். அன்னைக்கு வாங்க முடியாததை இன்னைக்கு வாங்கி வைக்கிறாங்க.

நாம ரஷ்யாக்காரன் கட்சிதான்னு நினைச்சுக்கிட்டேன். பக்கத்து வீட்டுத் திண்ணையில ஒண்டிக்கிட்டு பாட்டுக் கேட்ட பய நான். 1986-ல மச்சான் சவூதியில இருந்து இதைக் கொண்டாந்தப்ப தெருவே வந்து பார்த்துச்சு. ஆறு பேட்டரிக்கட்டை போடணும். கட்டை வாங்கக் காசு இல்லாட்டி வெயில்ல காயவச்சு இன்னும் ரெண்டு பாட்டு கேட்போம்.

மச்சான் திரும்பிப் போனதும் பெட்டிதான் கடுதாசி. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேசட்ல பேசி, ஊருக்கு வந்து போறவங்க கையில குடுத்துவிடுவோம். மழை, ஆடு, வட்டிக்கடன், அக்கா பிள்ளைக்குப் பல் முளைச்சதுன்னு எல்லாம் பேசுவாங்க. மச்சான் லீவுல வந்தப்ப அதுல ஒரு கேசட்டைத் திரும்பக் கொண்டாந்திருந்தார்.

புதுக் கேசட் வாங்கக் காசில்லாம, அதுமேலேயே ரேடியோவுல ஓடுன இளையராஜா பாட்டைப் பதிஞ்சுட்டேன். கேசட் முதுகுல ரெண்டு ஓரத்துலயும் சின்னப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதை உடைச்சு எடுத்துட்டா மேல பதிய முடியாது. ரிக்கார்டிங் சென்டர்க்காரர் அதைச் சொன்னப்ப ரொம்பப் பிந்திப் போச்சு.

1994-ல அம்மா தவறிட்டாங்க. அந்தக் கேசட்ல கடைசிப் பாட்டு முடிஞ்ச பிறகு கொஞ்சம் நாடா மிச்சம். "சரிய்யா, கட்டை தீர்ந்துரும், வைக்கிறேன்"னு அம்மா சொல்றது மட்டும் அதுல இருக்கு.

பெட்டியைக் குடுக்கலை. "பெல்ட் மட்டும் மாட்டிக் குடுங்க தம்பி, கூலி தாரேன்"னு சொல்லியிருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை வர்றேன்னுட்டுப் போயிருக்கார்.

உங்க வீட்டுல பெரியவங்க பேசுன கேசட் கிடந்தா, இன்னைக்கே அந்த ரெண்டு மூடியையும் உடைச்சுருங்க.